நிலம் இளகும் வரை

தட்டம்மை அவனுக்கு வந்ததே இல்லை.
எங்கள் வீட்டின் பெருமை அது.

பள்ளிக்கூடத்தில் அது பரவிய வருடம்
அம்மா எங்கள் இருவரையும்
மலைமேல் வீட்டுக்குள் போட்டுப் பூட்டினாள்.
ஏழு வாரம்.
அப்பா மட்டும் கீழே போய்வருவார்,
வந்தால் தொழுவத்தில் படுத்துக்கொள்வார்.
யார் வந்தாலும் வேலிக்கு அப்பால் நின்றுதான் பேச்சு.
கீழே ஹஸ்கின்ஸ் வீட்டில் மூன்று பிள்ளைகள் படுத்தார்கள்,
ஒருவன்தான் எழுந்தான்.
எங்கள் வீட்டில் ஒரு கோழிகூடத் தும்மவில்லை.
அம்மா அன்று செய்த நன்றி ஜெபத்தின் நீளம்
இன்னும் என் முழங்காலில் இருக்கிறது.

ஆசகேல் என் அண்ணன்.
ராணுவக் கணக்கில் பத்தொன்பது,
எங்கள் கணக்கில் பதினேழும் மூன்று மாதமும்.
எதிலும் அவசரம்.
பாகு ஆறும்வரை பொறுக்கமாட்டான்,
மார்ச் முழுக்க வெந்த நாக்கோடு திரிவான்.
ஒரு காளைக்கன்றுக்குப் பெயர் வைத்தான்,
அதை விற்ற அன்று யாரோடும் பேசவில்லை.
அவ்வளவுதான்.
இதற்குமேல் சொல்ல வேண்டுமென்றால்
நானாக ஏதாவது புனைய வேண்டும்.

வெர்மான்டின் எங்கள் மூலைக்கும்
மேளத்தோடு வந்தார்கள் ஆள் சேர்க்க.
தேசம் உடையக்கூடாது என்றார் வந்தவர்.
மனிதனை மனிதன் விற்கக்கூடாது என்றார் பாதிரியார்.
காளைக்கன்றை நினைத்தானோ என்னவோ,
அதற்குத் தலையாட்டினான்.
பிறகு, ரயிலில்தானே போவோம் என்று கேட்டான்.

மூன்று கடிதங்கள்.
முதலாவதில் ரயில்.
இரண்டாவதில், கூரை ஓடு மாதிரி ரொட்டி,
துப்பாக்கி தந்து ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் சுடச் சொல்லவில்லை.
மூன்றாவது வேறு கையெழுத்து.
லூசியஸ் ஹஸ்கின்ஸ் எழுதியிருந்தான்,
எழுந்த அந்த ஒருவன்.

*உடம்பெல்லாம் சிவந்து, பிறகு நெஞ்சில் இறங்கிவிட்டது.
ஒதுங்கி வளர்ந்த பையன்கள்தான் இங்கே சாகிறார்கள்.
எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோய்விட்டதால்
கடைசிவரை அவன் பக்கத்தில் உட்கார முடிந்தது.*

அம்மா அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.
எடுக்கவில்லை.
பிறகு எழுந்துபோய்
ஏற்கெனவே கறந்த மாட்டைக் கறக்க உட்கார்ந்தாள்.

இரண்டு பசுக்களை விற்றுவிட்டு
வர்ஜீனியாவுக்குப் போனார் அப்பா.
ரொட்டிப் பெட்டியின் மூடியில் பென்சிலால் பெயர்,
அதிலும் ஓர் எழுத்து குறை.
தோண்டிப் பார்த்தார்களாம்.
முகத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.
காலுறையைச் சொன்னார்.
சாம்பல் நூல் தீர்ந்துபோய்
இடது குதிகாலைப் பழுப்பில் பின்னியிருந்தேன்.
போட்டுப் பார்த்த அன்று என்னைத் திட்டினான்.

பிப்ரவரியில் வந்து சேர்ந்தான்,
கரித்தூள் அடைத்த பெட்டிக்குள்.
மண் இரும்பாகக் கிடந்தது.
கடப்பாரையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு
சாவிக்கொத்தை எடுத்தார் கோயில் குட்டி ஸ்ப்ரேக்.
குளிர்காலத்தில் செத்தவர்கள் காத்திருக்கும் இடம் அது.
கல்லறை இல்லை, கல் அறை.
அங்கே ஒரு கிழவர், பெயரிடாத ஒரு சிசு,
அப்புறம் அவன்,
எதற்கும் காத்திருக்கத் தெரியாதவன்.

மேப்பிள் மரங்களுக்கு இதெல்லாம் தெரியாது.
மார்ச்சில் சாறு இறங்கியது.
துளையிட அப்பா, வாளியோடு ஓட நான்.
ராத்திரியெல்லாம் காய்ச்சினோம்.
யாரும் பார்க்காதபோது
கொதிக்கும் பாகை நாக்கில் விட்டுக்கொண்டேன்.

மே மாதம் இரண்டாம் தேதி நிலம் இளகியது.
அப்போதும் இடுப்பளவுக்குக் கீழே பனிக்கட்டி,
மண்வெட்டி பட்டால் கண்ணாடிச் சத்தம்.
அம்மா அழவில்லை.
பக்கத்தில் இருந்த இரண்டு சின்னக் கற்களைப் பார்த்தபடி நின்றாள்,
ஹஸ்கின்ஸ் பிள்ளைகளின் கற்கள்,
இத்தனை வருடத்தில் முதல்முறையாக.
அன்றைய ஜெபம் ஒரே ஒரு சொல்.
எனக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் ஒரு ஜாடிப் பாகும் அந்தக் கடிதமும் தந்து
கீழே அனுப்பினாள்.
வேலியருகே கால் தானாக நின்றது.
பிறகு தாண்டினேன்.

ஹஸ்கின்ஸ் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.
மகன் எழுதியதை வாசிக்கச் சொன்னாள்.
அந்த வரியை மட்டும் வேகமாகக் கடந்தேன்.

நிதானமாக, என்றாள்.
மறுபடி வாசி.